எரியாத காடு

"ஒத்த ஆளா ஏத்தறதில்லம்மா. பெட்டி ஒரு பக்கமா சாயும்."

ராட்டினக்காரர் செல்லமுத்து இப்படிச் சொல்லிவிட்டு எழில்மதியின் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஒரு புதுமணத் தம்பதிக்கு எதிர்ப்பலகையில் அவளை உட்காரவைத்துக் கம்பியைப் போட்டார்.

"அண்ணே, மேல போனதும் கொஞ்ச நேரம் நிறுத்துவீங்களா? போட்டோ புடிக்கணும்."

"எல்லாரும் அதத்தான் கேக்கறீங்க. கீழ ஆளு ஏத்தும்போது தானா நிக்கும். அப்ப நீ உச்சில இருந்தா உன் யோகம். அடியில இருந்தா என் மூஞ்சியப் புடிச்சிக்கினு போ!"

தம்பதி சிரித்தார்கள். எழில்மதியும் சிரித்துவைத்தாள்.

ராட்டினம் எழும்பியது. பொருட்காட்சியின் அப்பளக் கடையும் பஜ்ஜிக் கடையும் காலுக்குக் கீழே சுருங்கின. அவற்றைத் தாண்டிக் கள்ளக்குறிச்சி விளக்கு விளக்காக விரிந்தது.

"இன்னாங்க, அதோ பச்ச லைட்டு, நம்ம பள்ளிவாசல்! அதுக்குப் பின்னாடி நம்ம வூடு!" எதிரில் இருந்த பாயிஸா, கணவன் நிஷாதின் தோளை இடித்து இடித்துப் படம் எடுத்தாள்.

எழில்மதி மட்டும் மேற்கே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் புளியமரங்களின் இருட்டு. அதற்குப் பின்னால் கல்வராயன் மலை.

"ஊரு இந்தப் பக்கம்க்கா. அங்க இன்னா கீது?"

"எங்க வூடு."

வீடு என்றால் கணவன் தமிழழகன். அவள் ஜவுளிக்கடை வேலைக்கு இறங்கிவந்து எட்டு மாதம் ஆகிறது. நீயும் இறங்கி வா, ரைஸ் மில்லில் வேலை சொல்லி வைத்திருக்கிறேன் என்பது அவள் பேச்சு. காட்டை யார் பார்ப்பது என்பது அவன் பேச்சு. காடு என்று அவன் சொல்வது மலைச்சரிவில் சாமை விளைகிற அவர்கள் நிலத்தை. பேச்சு முற்றி, அவன் போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

ஆள் விட்டுக் கேட்டாலும் பதில் வராது. பெண்டாட்டி கூப்பிட்டதும் கிளம்பிவிட்டான் என்று ஊர் சிரிக்கும் என்ற பயம் அவனுக்கு. வாய் திறக்காமல் பதில் சொல்ல அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

போன வாரம் சந்தைக்கு வந்த பக்கத்து வீட்டுக் கமலாவிடம் சொல்லி அனுப்பினாள்: "வர்றதா இருந்தா சனிக்கெழம பொழுது சாஞ்சதும் நம்ம காட்டுல ஒரு தீயப் போடச் சொல்லுக்கா. ராட்டினத்து மேலருந்து பாத்துக்கறன். தீ தெரியலன்னா இனிமே நான் கேக்கல."

குலுங்கி நின்றது ராட்டினம். உச்சி!

எழில்மதி மரங்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

மலை முழுக்கத் தீ.

சரிவுக்குச் சரிவு, மடிப்புக்கு மடிப்பு, சிவப்புச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பங்குனிக் கடைசி. கோடை மழை விழுவதற்குள் மலைக்காரர்கள் காட்டில் வெட்டிப்போட்ட முள்ளையும் தழையையும் எரிக்கிற வாரம். எரித்தால்தான் உழவு. போன வருஷம் இதே வாரம் அவளும் அந்தப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவள்தான். ஜவுளிக்கடையில் சேலை மடித்து மடித்து, தள்ளுபடி மாதமும் முகூர்த்த மாதமும்தான் மனசில் தங்கியிருந்தன. மலையின் மாதம் எப்போது கழன்று விழுந்ததென்று தெரியவில்லை.

இத்தனை தீயில் அவனுடையது எது?

போனைக் கம்பியோடு சேர்த்து அழுத்திப் படம் எடுத்தாள். விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். மலை உச்சியில் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு தெரிந்தது. அதற்குக் கீழே எரிவது ராசுவின் காடு. அதை அடுத்து ஒரு துண்டு இருட்டு. இருட்டுக்கு இந்தப் பக்கம் எரிவது தைலம்மாள் காடு.

நடுவில் கறுத்துக் கிடந்த துண்டுதான் அவர்களுடையது.

வரமாட்டேன் என்றுவிட்டான்.

விரித்த படத்தை மறுபடி சிறிதாக்கினாள்.

"மாஷா அல்லாஹ்! மல பூரா வெளக்கு வச்ச மாதிரி கீதுங்க!" பாயிஸா இப்போது இவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மலையைப் படம் எடுத்தாள்.

எழில்மதி போனை அணைக்கப் போனாள். விரல் பாதியில் நின்றது.

வரமாட்டேன் என்கிறவனும் இந்த வாரம் காட்டை எரிப்பானே. கோபம் இருந்தாலும் எரிப்பான். காய்ச்சலில் படுத்தாலும் ஆள் வைத்தாவது எரிப்பான். பெண்டாட்டியை விட்டாலும் சாமையை விடுகிறவன் இல்லை அவன். வருவதாக இருந்தாலும் அங்கே தீ எரியும். வராவிட்டாலும் எரியும்.

அந்த இருட்டு அவன் சொன்ன பதில் இல்லை. பதில் சொல்ல அவன் அங்கே இல்லை.

சொல்லியனுப்பியபோது கமலா தலை நிமிராமல், கட்டிய பையையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அவன் மலையை விட்டு எங்கோ போய்விட்டது கமலாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"அக்கா, ஊரு பின்னாடி தெரியற மாதிரி எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு புடிங்கக்கா." பாயிஸா போனை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டாள். சிரிக்கிற இரண்டு முகங்கள். அவற்றுக்குப் பின்னால் ஊர். ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் பஸ்ஸும் லாரியும் சேலத்துக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் அவள் கண் கொஞ்ச தூரம் ஓடிப்போய்த் திரும்பியது.

"ஆடாமப் புடிங்கக்கா!"

ராட்டினம் நின்றுகொண்டுதான் இருந்தது.