இருபது விநாடி மௌனம்

“திரும்பப் போடு. மத்த மைக்கையெல்லாம் அடைச்சிட்டு அந்த ஒண்ண மட்டும் போடு,” என்றான் கிட்டார்காரன்.

ஒத்திகை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நீள மேசையின் தலைப்பக்கத்தில் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துனர். அவருக்கு இடப்பக்கம், பூட்ஸ் காலை எதிர் நாற்காலியின் கம்பியில் முட்டுக்கொடுத்தபடி, ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார்காரன். கதவோரம், மடியில் லேப்டாப்புடன் ஒலிப்பதிவாளர். சுவரை ஒட்டிய இரண்டு நாற்காலிகளில், ஏழாவது ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும் இரண்டு வயலின்காரர்கள்: முப்பத்தொரு வருஷ சர்வீஸ் உள்ள பெரியவர், அவருக்குப் பக்கத்தில், சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண்.

ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். நேற்றைய கச்சேரி. இரண்டு குழுவும் சேர்ந்து முழக்கிய முழக்கம் சட்டென்று நின்றது. மௌனம். பதினோராவது விநாடியில், எண்ணெய் காணாத கதவு திறப்பதுபோல் ஒரு கீச்சு. அதற்குப் பின்னால் அரங்கத்தின் சிரிப்பு.

“போதும்,” என்றார் நடத்துனர்.

“போதாது. அந்த இருபது செகண்ட் என்னன்னு இவங்களுக்குத் தெரியட்டும். என் தம்பி தனியா டிரம்ஸ் வாசிக்கிற இடம் அது. அவன் செத்து இன்னும் ரெண்டு மாசம் ஆகல. அவன் ஸ்டூல் மேல ஒரே ஒரு லைட்டைப் போட்டு, அவன் பங்கைக் காலியா விட்டோம். எங்கம்மா முன் வரிசையில உக்காந்திருந்தாங்க.”

“கீச்சை வெட்டி எடுத்துடலாம்ணே,” என்றார் ஒலிப்பதிவாளர் மெதுவாக.

“எடு. எட்டாயிரம் பேர் சிரிச்சது எங்கம்மா காதுல விழுந்துச்சே, அதையும் அப்படியே வெட்டி எடு.”

நடத்துனர் சுவர்ப்பக்கம் திரும்பினார். “ஏழாவது ஸ்டாண்டு மைக். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். இருட்டுல எனக்குத் தெரியல. செஞ்சது யாரா இருந்தாலும் நாளையிலேர்ந்து இந்தக் குழுவுல இல்ல. போறதுக்கு முன்னாடி அந்தம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதணும். யாரு?”

பெண்ணின் விரல்கள் மடியிலிருந்த கைக்குட்டையை முறுக்கின. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நிரந்தரமாவதாக இருந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“நான்தான்,” என்றார் பெரியவர்.

“சார், இல்ல...”

“நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசுறப்ப குறுக்க வராத.”

நடத்துனர் நம்பவில்லை. “யோசிச்சுச் சொல்லுங்க சார். என் குழுவுல ஒரு தப்புச் சுரம் வராத ஆள் நீங்க. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் உங்களைத்தான் காட்டுறேன்.”

“வயசாச்சு. வில்லை மடிக்கு இறக்குறப்ப தந்தியில உரசிடுச்சு.”

கிட்டார்காரன் சிரித்தான். அதில் சிரிப்பு இல்லை. “ரெண்டு மணி நேரமா எங்க சத்தத்துல உங்க வயலின் ஒண்ணுகூடக் கேக்கல பெரியவரே. என் தம்பிக்காகச் சும்மா இருங்கன்னு சொன்ன நேரம் பாத்து, சிவபூஜையில கரடி மாதிரி வந்து வித்தையைக் காட்டிட்டீங்க.”

பெரியவர் எழுந்து நின்றார். “உங்கம்மா முகவரி குடுங்க தம்பி.”

“என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க.”

ஆனாலும் ஒரு சீட்டில் முகவரியை எழுதி மேசைமேல் தள்ளிவிட்டு எழுந்து போனான். மற்றவர்களும் போனார்கள்.

பெரியவர் தனியாக உட்கார்ந்து எழுதினார். வலது மூலையில் தேதி. இடது பக்கம் தன் முகவரி. ‘அம்மா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் மகனுக்காக விடப்பட்ட மௌனத்தைக் கலைத்தவன் நான். என் கவனக்குறைவே காரணம். இனி நான் மேடை ஏறப்போவதில்லை. மன்னிக்கும்படி கேட்கவும் எனக்குத் தகுதியில்லை.’ கையெழுத்தைப் போட்டார். தாளை மூன்றாக மடித்தார்.

தெருமுனைத் தபால் பெட்டியருகே அந்தப் பெண் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

“அது நான்தான்னு உங்களுக்குத் தெரியும்ல சார்? அந்தக் காலி ஸ்டூலையே பாத்துக்கிட்டிருந்தேன். என்னையறியாம வில் தந்தி மேல இறங்கிடுச்சு.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு என் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க? முப்பத்தொரு வருஷத்துப் பேரு சார். கடிதத்தைக் குடுங்க, நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன்.”

“சொன்னா நீ வெளிய போவ. நான் உள்ள இருப்பேன். அது நியாயமில்லம்மா.”

“எனக்குப் புரியல.”

பெரியவர் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தார்.

“மூணு மாசமா என் பக்கத்துல உக்காந்திருக்க. என் வயலின்லேர்ந்து ஒரு சுரமாவது கேட்டிருக்கியா?”

அவள் யோசித்தாள்.

“விரல் மரத்துப்போய் ரெண்டு வருஷமாச்சு. அன்னையிலேர்ந்து வில்லுல சோப்பைத் தடவி, சத்தமே வராம சும்மா இழுத்துக்கிட்டிருக்கேன், தப்பா வாசிச்சான்னு சொல்லி வெளிய அனுப்புறாங்களே, எனக்கு அதுவே கௌரவம்,” என்று சொல்லி, கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டார்.