வாசலில் சிக்கிய தோட்டா

ரெபேக்காவின் கைத்துப்பாக்கிக்குக் கடைத் தோட்டாக்கள்தான் பழக்கம். அன்று துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்தில், அவள் வீட்டிலேயே ஈயம் உருக்கி வார்த்த குண்டுடன் ஒரு தோட்டா முதன்முறையாக உள்ளே வந்தது. வந்த வேகத்தில் குழலின் வாசலிலேயே சிக்கிக்கொண்டது.

"ஏன் நின்னுட்டே? நுழை!" என்று அதட்டியது துப்பாக்கி.

"வரத்தான் பாக்கறேன் அண்ணே. ஏதோ இடிக்குது."

"வீட்டுல வார்த்ததெல்லாம் இப்படித்தான். ஒரு ஒழுங்கு கிடையாது."

உருகிய ஈயமாக இருந்தபோதுகூடத் தோட்டாவுக்கு இப்படிச் சுட்டதில்லை.

"ஓங்கி ஒரு தட்டு தட்டுங்க, போயிடும்" என்றார் பக்கத்தில் நின்றவர். ரெபேக்கா தட்டவில்லை. தோட்டாவைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கிக்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

"இது மேல குத்தமில்ல. உள்ளேதான் கரி அப்பிக் கெடக்கு. கடைத் தோட்டா கொஞ்சம் ஒல்லி, அதனால தெரியாம போச்சு."

அவள் பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் துப்பாக்கி கூசிப்போனது.

தோட்டா மறுபடி வந்தது. இந்த முறை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"உன்னைப் போய் திட்டிட்டேனே" என்றது துப்பாக்கி.

"உள்ளே இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க அண்ணே. இங்கே இதமா இருக்கு."

"அப்போ இன்னும் கொஞ்ச நேரம் இரு."

ரெபேக்காவின் விரல் அசைந்துவிட்டது. தூரத்துக் காகிதத்தில் சின்னதாக ஒரு துளை விழுந்தது.

அடுத்த தோட்டா தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தது.

"வாம்மா" என்றது துப்பாக்கி. "மெதுவாவே வா."