பதினெட்டாயிரம் ரூபாய்ப் பூசணிக்காய்

சர்ச்சின் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட்டபோது, அந்தப் பூசணிக்காயை பாக்கியநாதன் முதலில் முந்நூறு ரூபாய்க்குத்தான் கேட்டார். துரைசிங் ஐந்நூறு என்றார். திருச்சபைத் தேர்தலிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தொகை ஆயிரங்களில் ஏற ஏறப் பந்தலே கைதட்டியது. "போதும், உக்காருங்க" என்று மனைவி சாலொமி பின்னாலிருந்து பாக்கியநாதனின் சட்டையை இழுத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பதினெட்டாயிரம் என்றதும் துரைசிங் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கடன் சொல்வது கௌரவக் குறைச்சலாகப் பட்டதால், பாக்கியநாதன் வீட்டுக்குப் போய், மகள் ஜெமிமாவின் நர்சிங் படிப்புக்கு மறுநாள் கட்டவேண்டிய பணத்தை எடுத்துவந்து கொடுத்தார். சர்ச் போதகரான ஐயர் மைக்கில் அவர் பேரைச் சொல்லி, உற்சாகமாய்க் கொடுத்த மகனுக்காக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சாலொமியின் உதடுகள் அசையவில்லை.

மறுநாள் அவர் தெரிந்தவர்களிடமெல்லாம் கைமாற்று கேட்டு அலைந்தார். கல்லூரிக்கும் போய்க் கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் வெறுங்கையோடு வந்தவருக்கு ஜெமிமாதான் காப்பி கொண்டுவந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

"பரவாயில்லப்பா. அடுத்த வருசம் சேந்துக்கிடுதேன். ஆண்டவருக்குத்தான குடுத்தீங்க?"

கேலியாக இருந்தால் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே நம்பிக் கேட்டாள். 'ஆமா' என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் பாக்கியநாதனுக்கு வாய் வரவில்லை.