தவளை எதுவரை வந்தது?

"தவளை எதுவரை வந்திருக்கு?" என்று பேராசிரியர் கேட்டதும் ஆய்வு மாணவியான அவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் நாலு பத்திகள்: தொடக்கம், நடக்கிறது, எழுத்து, முடிந்தது. மண்ணை ஆராயும் அந்த ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து ஆய்வுகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. வேலை நகர்ந்தால் அட்டையும் நகரும்.

ஆளுக்கொரு நிறத்தில் அட்டை; அவளுடையது நீலம்.

நீல அட்டைகள் எல்லாம் ஒருவழியாகக் கடைசிப் பத்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. 'தவளை' என்று மட்டும் எழுதிய ஒன்றுதான் இரண்டாவது பத்தியில், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

நீலம் முழுக்க முடிந்தால்தான் அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்து. அது அவர் போட்ட சட்டம். இந்த வாரம் கையெழுத்து ஆகாவிட்டால் வேறு ஊரில் கிடைத்த வேலை போயிற்று. கணவனும் மகளும் முன்னாலேயே போய் அங்கே வீடு பிடித்துக் காத்திருந்தார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், அது என்ன தவளை என்றே அவளுக்குத் தெரியாது.

சேர்ந்த புதிதில் அவர் கேட்டபோது, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "போயிட்டிருக்கு சார்" என்றாள். அடுத்த திங்கட்கிழமையும் அதையே சொன்னாள். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? மண் இருந்தால் தவளையும் இருக்கும்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இன்று, ஆனது ஆகட்டும் என்று எழுந்து நின்றாள்.

"சார், அது என்ன ஆராய்ச்சின்னே எனக்குத் தெரியாது. இத்தனை நாளா பொய் சொல்லிட்டேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

"அப்பாடா!" என்றார். "எனக்கும் தெரியாதும்மா. நீ போயிட்டிருக்குன்னு சொல்லச் சொல்ல, எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரிப்புக்கு நடுவே அவள் கொஞ்சம் அழுதும்விட்டாள். அவர் அந்த அட்டையைப் பிடுங்கி மேசையில் போட்டார். பேனாவைத் தேடி எடுத்து, ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று ஊதியும் விட்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு விலங்கியல் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். இவர்களுக்கு முன்னால் இந்த அறையில் இருந்தவர். மாடிக்கு மாறியபோது, கனமாக இருக்கிறதென்று பலகையைச் சுவரோடு விட்டுப்போனவர்.

மேசையைப் பார்த்ததும் பாய்ந்து வந்து அட்டையை எடுத்தார்.

"அட, என் தவளை! இங்கயா இருந்தது?" நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "நல்லவேளை! ஏதோ ஒண்ணு குறையுதுன்னு தெரியும். எதுன்னு தெரியாம, கேக்கறவங்ககிட்டல்லாம் போயிட்டிருக்குன்னே சொல்லிட்டிருந்தேன்."