ஆறு கம்பிக்கும் தனித்தனியாக

"இதுவும் வேண்டாம் தம்பி, ஒரு கம்பியைத் தொட்டா வேற கம்பின்னு மாறிப் பிடிக்குது" என்று மூன்றாவது பெட்டியையும் ஒதுக்கினாள் அவள்.

இசைக்கருவிக் கடை விற்பனையாளனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கிட்டார் கம்பியைத் தட்டினால் அதை மிடி சிக்னலாக மாற்றி, கம்ப்யூட்டரில் நாம் விரும்பிய சத்தத்தை ஒலிக்க வைக்கும் பெட்டி அது. வாங்குவது அவள், வாசிக்கப்போவது அவள் கணவர்.

"அக்கா, எல்லாப் பெட்டியும் எப்பவாவது குழம்பத்தான் செய்யும். கேக்கறவங்களுக்குத் தெரியாது."

"ஒரு கம்பி மாறினாக்கூட அவர் பாடு திண்டாட்டம்."

பெரிய வித்துவான் போலிருக்கிறது, வீட்டில் மனைவியை ஆட்டிப்படைக்கிற ரகம் என்று முடிவு கட்டிவிட்டான் அவன். "சார் ரொம்பக் கோபக்காரரோ?"

"கோபம் வந்தாலும் சொல்ல மாட்டார்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்குப் பாவமாக இருந்தது.

உள்ளே போய், ஆறு கம்பிக்கும் தனித்தனியாக அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் பொருத்திய கிட்டாரை எடுத்து வந்து பெட்டியோடு இணைத்தான். அவள் ஒற்றை விரல் நுனியால் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வருடினாள். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"இப்படித் தடவினா எப்படிக்கா? அழுத்தி மீட்டுங்க."

"அவர் கை இப்படித்தான்."

நல்ல வித்துவான்தான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, பெட்டியின் குமிழைத் திருகிக் கூட்டிவைத்தான். இந்த முறை அந்த லேசான வருடலுக்கே சத்தம் வந்தது. அவள் ஆறு கம்பியையும் மாற்றி மாற்றித் தொட்டாள், ஒன்றுகூடப் பிசகவில்லை. "அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தத்தையும் நானே ஏத்தித் தரேன்க்கா. வயலினா, புல்லாங்குழலா? சாருக்கு எது பிடிக்கும்?"

"சத்தம் இதுல இருக்கு" என்று செல்போனை எடுத்தாள். "முதல் கம்பிக்கு இது."

ஓர் ஆணின் குரல், நிறுத்தி நிதானமாக வந்தது. "தண்ணி வேணும்."

"ரெண்டாவதுக்கு இது."

"வலிக்குது."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதை வச்சு என்ன பாட்டுக்கா வாசிக்கப்போறார்?"

"பாட்டு இல்ல தம்பி. பேச்சு நின்னுடும்னு டாக்டர் சொன்னதும் அவரே பேசிப் பதிஞ்சு வச்சது. இப்ப ஒரு விரல்தான் அசையுது."