ரெண்டு லாக்

"ரெண்டு லாக்தான் குறைஞ்சிருக்கா? வெறும் ரெண்டா?"

இதே கேள்வியை அவர் மறுபடி மறுபடி கேட்டுவிட்டார். சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆமாங்க. டாக்டர் அப்படித்தான் சொன்னார்" என்றாள் மனைவி, விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. பள்ளியில் கணக்கு டீச்சர். வரும் வழியில் டாக்டரைப் பார்த்து, கணவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

கல்லீரலில் வைரஸ். போன தடவை அதன் எண்ணிக்கையை டாக்டர் "ட்வென்டி லாக்ஸ்" என்றார். அதாவது இருபது லட்சம். அன்றிலிருந்து அந்த வீட்டில் லட்சத்துக்கு லாக் என்றே பேர்.

"அப்போ இன்னும் பதினெட்டு லாக் உள்ள உக்காந்திருக்கு." விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "மாத்திரைய முழுங்கி முழுங்கி நாக்கே செத்துப்போச்சு. போனது ரெண்டுதானா?"

அவள் ஒரு தாளின் மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் தினமும் சிரித்துக்கொண்டே உட்காருகிறவர். அந்த மனிதர் இப்போது தண்ணீர் டம்ளரைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

தம்பியைப் பார்க்க வந்திருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பயப்படாதடா. மெதுவாக் குறையும்."

"எப்பக்கா? நான் போய்ச் சேந்த பிறகா?"

கணக்கு டீச்சர் சிவப்பு மையில் எதையோ சுழித்துவிட்டு, அடுத்த தாளைப் புரட்டினாள்.

அக்கா எழுந்தாள். "நீ கொஞ்சம் உள்ள வா."

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டாள், தம்பி காதில் எதுவும் விழக்கூடாதென்று.

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? அவன் அங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நீ என்னடான்னா யாரு பெத்த புள்ளைக்கோ மார்க் போட்டுட்டிருக்க. ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"மெதுவாப் பேசுங்க அண்ணி. டாக்டர் இன்னிக்குச் சொன்ன லாக் வேற. அது லட்சம் இல்ல."

"பின்ன?"

"லாகரிதம். மடக்கைன்னு நாங்க பாடம் நடத்துவோமே, அது. பத்தை எத்தனை தடவை பெருக்கினா ஒரு நம்பர் வரும்னு எண்றது. ஒரு லாக் குறைஞ்சா பத்துல ஒரு பங்காயிடும். ரெண்டு லாக் குறைஞ்சா நூத்துல ஒரு பங்கு."

"எனக்கும் கணக்குக்கும் ஆகாது. மனுஷ பாஷையில சொல்லு."

"ரெண்டு சைபர் போச்சு அண்ணி. இருபது லட்சம் இப்ப இருபதாயிரம்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி பிழைத்துக்கொள்வான். அந்த நிம்மதி வந்த வேகத்தில் கோபமும் ரெண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"அடிப்பாவி. இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா அவனை இந்தப் பாடு படுத்தற? நகரு. நான் போய்ச் சொல்றேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷமும் இப்படித்தான் குறைஞ்சது அண்ணி. நானே ஓடி வந்து சொன்னேன், கவலையே படாதீங்கன்னு. அன்னிக்கே எனக்குத் தெரியாம மாத்திரைய நிறுத்திட்டார். எல்லாம் சரியாயிடுச்சாம். அதுக்கப்புறம்தான் இருபது லட்சத்துல வந்து நின்னுச்சு. இன்னொரு தடவை நிறுத்தினா ஈரல் தாங்காதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார்."

"அதுக்காகப் பொய் சொல்லுவியா?"

"பொய் சொல்லல. லாக்குன்னுதான் சொன்னேன். அவர் லட்சம்னு எடுத்துக்கிட்டார். தப்பைப் பாத்துட்டுத் திருத்தாம விட்டது என் வாழ்க்கையில இதுதான் முதல் தடவை." விரலில் இருந்த சிவப்பு மைக் கறையைத் தேய்த்தாள். "அவர் முகத்தைப் பாத்தா சொல்லிடுவேன் அண்ணி. அதான் பேப்பரையே பாத்துட்டிருக்கேன்."

அக்கா குழாயை மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"என்னக்கா, உன்கிட்டயாவது நல்லதா ஏதாவது சொன்னாளா?" தம்பி ஏக்கத்தோடு பார்த்தான்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"என்னத்தடா சொல்ல? பதினெட்டு லாக் அப்படியே இருக்காம். மொதல்ல இன்னிக்கு மாத்திரையப் போடு."