ஓர் எழுத்துப் பதில்

"அக்கா, மறுபடியும் அவன்தானா? படிக்காதே, போனை இப்படிக் குடு!"

மெமுனா கொடுக்கவில்லை. தானே படித்தாள்.

'நாளைக்குக் கோர்ட் வாசல்ல உன்னைப் பார்த்தேன்னா, அதுதான் உனக்குக் கடைசி நாள்.'

இந்த வாரம் முழுக்க இதே கதைதான். அப்பா விட்டுப்போன காபித் தோட்டத்தை வாங்கிவிட்டதாக ஒரு வியாபாரி சொல்ல, அது பொய் என்று வழக்குப் போட்டவள் மெமுனா. மறுநாள் அவள்தான் சாட்சி. மிரட்டுகிற நம்பர் யாருடையது என்று தெரியவில்லை.

"போலீசுக்குப் போகலாம்னா வேண்டாங்கிறே, மொலூ."

"போலீஸ் ஆளையா பிடிக்கும்? நம்மளைத்தான் அலைய விடும். வழக்கை விட்டுடுக்கா. உயிர் இருந்தா காபிச்செடி எங்க வேணா நடலாம்." தம்பி கெஞ்சினான்.

"அப்பா மண்ணுல எவனோ காபி பறிப்பான், நான் வேடிக்கை பாக்கணுமா?"

"எழுத்து எழுத்துன்னு கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழறியே, அதே பிடிவாதம்தான் இங்கயும்!"

அவன் சொன்னதும் உண்மைதான். கேமரூன் நாட்டில், இன்றும் ராஜாவும் அரண்மனையும் இருக்கிற ஃபும்பான் ஊரில், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தால் மெமுனாவுக்கு அதுதான் வேலை. அந்த ஊர் மக்கள் பேசும் பாமும் மொழியின் பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, கம்ப்யூட்டரும் போனும் காட்டும்படி செய்துகொண்டிருந்தாள். நேற்று முடித்தது, ஒற்றை எழுத்திலேயே 'ராஜா' என்று சொல்லிவிடும் பழைய எழுத்து.

வெளியே ஏதோ சத்தம் கேட்டது. இருவரும் விறைத்துப் போனார்கள்.

"நீ வராதே. நான் போய் கேட்டைப் பூட்டிட்டு வர்றேன்" என்று மொலூ வெளியே ஓடினான்.

மெமுனா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்த ஓர் எழுத்தை மட்டும் தட்டி, மிரட்டுகிறவனுக்கு அனுப்பினாள்.

போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'ராஜாகிட்ட போய் அழப்போறியா? அரண்மனை வாசல்லயே உன்னை முடிச்சிடுவேன்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

மொலூ மூச்சிரைக்க உள்ளே வந்தான். "பூட்டிட்டேன். என்னக்கா, முகமே செத்துப்போச்சு? அவன் மறுபடியும் ஏதாவது அனுப்பினானா?"

"உன் போனைக் கொஞ்சம் குடுடா."

"எதுக்குக்கா?"

மெமுனா கையை நீட்டினாள். ஊரில் வேறு யார் போனுக்குப் போனாலும் அந்த எழுத்து வெறும் கட்டமாகத்தான் தெரியும். சரியாக வருகிறதா என்று பார்க்க, தன் போனைத் தவிர அவள் அதை ஏற்றி வைத்திருந்த ஒரே போன், மொலூவின் கையில் இருந்தது.